ஐஸ்லாந்து மொழியில் நாளும் பொழுதும்

ஐஸ்லாந்து மொழிக்கான தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலும் சீக்கிரமே ஒரு கடிகாரப் படம் வந்துவிடும். கீழே மணி கேட்கும் கேள்வி, நான்கைந்து விடைகள். தொடர்ந்து கிழமைகள், மாதங்கள். இலக்கணம் பிறகு, இப்போதைக்கு மனப்பாடம் செய்துகொண்டு பேசுங்கள் என்பதே முறை. கடிகாரத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. நாள், வாரம், ஆண்டு என்று நகர்ந்ததும் இதே முறை கற்பவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இம்மொழியில் ஒன்று முதல் நான்கு வரையான எண்கள், எண்ணப்படும் பொருள் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் அல்லாத மூன்றாம் பாலா என்பதைப் பொறுத்து உருமாறும். மணி சொல்லும்போது மட்டும் அந்தத் தொல்லை இல்லை. எப்போதும் மூன்றாம் பால்தான். ‘க்ளுக்கன் த்ர்யூ’ என்றால் மூன்று மணி. ‘மூன்று மணிக்கு’ என்பதற்கும் அதே இரண்டு சொற்கள் போதும். காரணம் தெரியாமலே தப்பில்லாமல் பேசிவிடலாம். புதிதாகக் குடியேறி, பகல் வேலை முடித்து மாலை வகுப்புக்கு வருபவருக்கு அது பெரிய உதவி.

கடிகாரத்தில் ஒரே ஒரு கண்ணி உண்டு. ‘ஹௌல்வ் த்ர்யூ’ என்றால் இரண்டரை மணி. அரை, மூன்று என்ற இரண்டையும் கேட்கும் தமிழர் மூன்றரை என்று கணக்கிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பார். ஆங்கிலம் பேசுபவரும் அப்படியே. ஆனால் ஐஸ்லாந்தில் குடியேறியவர்களில் மிகப் பெரிய கூட்டம் போலந்துக்காரர்கள். அவர்கள் மொழியிலும் அரை மணி அடுத்த எண்ணைத்தான் சேரும். வேற்றுமை உருபுகளும் அங்கே ஏராளம். இலக்கணத்தைத் தள்ளிப்போடச் சொல்லப்படும், வேற்றுமையைக் கண்டால் மாணவர் மிரள்வார் என்ற எச்சரிக்கை யாரை மனத்தில் வைத்து எழுந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவரையா?

கடிகாரத்தை விட்டு வெளியே வந்தால் நிலைமை மாறுகிறது. நாள் ஆண்பால், வாரம் பெண்பால், ஆண்டு மூன்றாம் பால். ஆகவே மூன்று நாள் ‘த்ரீர் தாகர்’, மூன்று வாரம் ‘த்ர்யௌர் விகுர்’, மூன்று ஆண்டு ‘த்ர்யூ ஔர்’. கடிகாரத்தில் பழகிய ‘த்ர்யூ’ என்ற ஒரே வடிவத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்துவார் மாணவர். அவர் மீது குற்றமில்லை, வேறு வடிவம் இருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை.

இதைவிட முக்கியமானது, வேற்றுமையே இங்கு காலத்தைச் சொல்வதில் பங்கேற்கிறது என்பது. மூன்று நாளுக்கு முன்பு என்றால் ‘ஃபிரிர் த்ரெமுர் தோகும்’, அதாவது நான்காம் வேற்றுமை. மூன்று நாள் கழித்து என்றால் ‘எஃப்டிர் த்ர்யௌ தாகா’, அது இரண்டாம் வேற்றுமை. எண்ணும் பெயரும் சேர்ந்தே வளைகின்றன. ‘நாளுக்கு முன்பு’ என்று உருபு சேர்த்தும், ‘நாள் கழித்து’ என்று உருபில்லாமலும் சொல்லிப் பழகிய நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கிழமைகளும் இப்படித்தான். ‘ஔ மௌனுதாயின்’ என்றால் குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமை; ‘ஔ மௌனுதோகும்’ என்றால் திங்கள்தோறும். ஈற்றைத் தவறவிட்டால் மருத்துவர் வரும் நாளையே தவறவிடலாம். ‘ஈ மோர்குன்’ இன்று காலை, ‘ஔ மோர்குன்’ நாளை. ஓர் உயிரொலி மட்டுமே வேறு. ‘ஈ சுமர்’ என்பது போன கோடையா, வரும் கோடையா என்பதை வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். (அந்தக் கோடையின் முதல் நாள் அங்கே அரசு விடுமுறை. ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வியாழன் அது. ஆண்டைக் கோடை, குளிர்காலம் என்று இரண்டாகவே பிரித்த பழைய நாட்காட்டியின் எச்சம். பனி பெய்தாலும் கோடை பிறந்ததாகத்தான் கணக்கு.)

தேதி இவ்வளவு கடினமில்லை, ஆனால் எழுத்து ஏமாற்றும். ஐஸ்லாந்தின் குடியரசு நாளான ஜூன் 17இல் வரும் எண்ணை ‘17.’ என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். புள்ளிக்குள் ‘ஆம்’ ஒளிந்திருக்கிறது. இன்று பதினேழாம் தேதி என்றால் ‘சொய்த்யௌந்தி’, பதினேழாம் தேதி வருகிறேன் என்றால் ‘சொய்த்யௌந்தா’. இகரம் அகரமாகும், அவ்வளவே. முரண்டு பிடிப்பவை இரண்டாம் தேதியும், அதே சொல்லில் முடியும் இருபத்திரண்டாம் தேதியும் மட்டும்: ‘அன்னர்’, ‘அன்னன்’. ஒரு பத்தியில் முடியும் இந்த விதியைக்கூடச் சொல்லாமல், முப்பத்தொரு வடிவங்களை ஒப்பிக்கச் சொல்வது வீண் சுமை.

உருபு அட்டவணைகளை முதல் வாரமே விரித்தால் வகுப்பு காலியாகிவிடும் என்ற ஆசிரியர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. நான் கேட்பது அட்டவணையை அல்ல. ஐயம் வந்தால் எந்தச் சொல்லின் எல்லா வடிவங்களையும் பார்த்துக்கொள்ள, ஐஸ்லாந்து மொழி ஆய்வுக்கான ஆர்னி மாக்னூசன் நிறுவனம் இணையத்தில் ஒரு சொல்வடிவத் தொகுப்பையே வைத்திருக்கிறது. பாடம் செய்ய வேண்டியது, எங்கே ஐயப்பட வேண்டும் என்று காட்டுவது. மாதப் பெயர்கள் ஆங்கிலத்தில் கேட்டுப் பழகியவைதான், வேற்றுமைக்கு வளைவதுமில்லை. அவற்றுக்கு ஒதுக்கும் இடத்தைப் பாதியாக்கி, ‘மூன்று நாளுக்கு முன்பு’, ‘மூன்று நாள் கழித்து’ என்ற இணையைக் கடிகாரப் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.