பதிவேட்டில் அடங்காத மழலை

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், சுண்ணாம்பாற்றைக் கடந்ததும் வரும் தவளக்குப்பம் சந்திப்பில், காலை எட்டரை மணிக்குக் கால்மணி நேரம் நின்று பார்ப்பவருக்கு, இவ்வட்டாரத்தின் பாலர் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்பது புள்ளிவிவரத்தின் துணையின்றியே விளங்கிவிடும். நல்லவாட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையும், அபிஷேகப்பாக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளையும், கையில் சிறிது காசு புரளும் குடும்பத்தில் பிறந்திருந்தால், கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுகின்றன. வேன் கட்டணத்துக்கு வழியற்ற வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் பாட்டியின் விரலைப் பிடித்தபடி பால்வாடிக்கோ, அரசுத் தொடக்கப் பள்ளியின் மழலையர் வகுப்புக்கோ நடந்து வருகின்றன.

அந்த மழலையர் வகுப்புகளைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 2019இல்தான் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டன. புதுவையிலோ அரசுத் தொடக்கப் பள்ளிகளோடு மழலையர் வகுப்பை இணைத்து, பாலசேவிகைகள் எனப்படும் மழலையர் ஆசிரியைகளைக் கொண்டு நடத்துவது அதற்கு முன்பே வேரூன்றிவிட்ட வழக்கம். இதன் நன்மைகள் பிரத்தியட்சமானவை. மூன்றரை வயதில் அழுதுகொண்டே நுழைந்த குழந்தை, அதே வேப்பமர நிழலில், அதே ஆயாவின் கண்பார்வையில், பயமின்றி முதல் வகுப்புக்குள் அடியெடுத்து வைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் நிம்மதியாகப் போகிறாள். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டவேண்டிய துர்ப்பாக்கியம் அந்தக் குடும்பத்துக்கு நேர்வதில்லை. இவ்வளவையும் செய்கிற ஓர் ஏற்பாட்டைக் குறை சொல்லப் புகுமுன் அதற்கு நன்றி சொல்வதே நியாயம்.

குறைகள் தோன்றும் இடம் ஜனத்தொகைக் கணக்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12,47,953 பேர் இருந்த இந்த யூனியன் பிரதேசத்தில், ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினரே. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.5 குழந்தைகள், தலைமுறை குன்றாமல் நிலைபெற 2.1 வேண்டும். பிறப்பதே குறைவு, பிறந்தவற்றிலும் பலவற்றை வேன் ஏற்றிச் செல்கிறது என்னும்போது, சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியருக்குச் சேர்க்கைப் பதிவேடே ஜீவாதாரமாகிவிடுகிறது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை வேறொன்றோடு இணைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், மழலையர் வகுப்பு குழந்தை வளர்வதற்கான இடம் என்ற நிலையிலிருந்து நழுவி, முதல் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் வாயிலாகவும், ஆள் சேர்ப்பதற்காகத் தனியார் பள்ளியின் நகலாகவும் மாறத் தொடங்குகிறது.

இந்த மாற்றத்தை ஒருநாள் நேரிலேயே கண்டேன். இப்பகுதிப் பள்ளி ஒன்றில் பதினான்கு பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவில் ஒரு குவியல் புளியங்கொட்டை. அவற்றை மீனாகப் பாவித்துக் கூறுகட்டச் சொன்னார் பாலசேவிகை. அதுவரை வாய் திறவாமல் இருந்த ஒரு சிறுமி, பெரிய கொட்டைகளை ஒதுக்கி "இது வஞ்சிரம்", சிறியவற்றைக் குவித்து "இது நெத்திலி" என்று, விலை சொல்லும் தன் தாயின் தோரணையிலேயே கூவத் தொடங்கினாள். எண்ணுதல், வகைப்படுத்தல், மொழி ஆகிய மூன்றும் அந்த அரைமணி நேரத்தில் ஒருங்கே நிகழ்ந்தன. பதினொரு மணிக்குக் கொட்டைகளை அள்ளி டப்பாவில் போட்டுவிட்டு நாலு கோடு நோட்டை விரித்தார்கள். அதே சிறுமி, விரல் வலிக்க ஒரு பக்கம் முழுதும் 'ஏ' எழுதினாள். அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை. காரணம் கேட்டபோது, "வீட்ல நோட்டத்தான சார் பாக்குறாங்க" என்றார் பாலசேவிகை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அளவுகோல் பிழையானால் நல்ல கைகளும் பிழையானதையே செய்யும்.

சரியான அளவுகோல் எது என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளைத் தேர்ந்து, பாதி மையங்களில் மட்டும் கூடுதலாக ஒரு பணியாளரை அமர்த்தி நடத்திய ஆய்வில், பிள்ளைகளோடு அமர்ந்து கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் அக்குழந்தைகள் மற்றவர்களை மிஞ்சினர்; சவலைத்தன்மையும் குறைந்தது. புதுக் கட்டடமோ ஆங்கிலப் பெயர்ப்பலகையோ செய்யாததை, குழந்தையோடு பேச ஒரு மனிதர் கிடைத்தது செய்துவிட்டது.

இந்த உண்மையின் வெளிச்சத்தில், நாம் எதைப் பலவீனம் என்று எண்ணி வருந்துகிறோமோ அதுவே நம் பலமாகத் தோற்றமளிக்கிறது. பதினான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற பாக்கியம் நிரம்பி வழியும் தனியார் வகுப்பில் கிட்டாது. ஆகவே எண்ணிக்கை குறைந்த மழலையர் வகுப்பை மூடுவது பெருந்தவறு; நான்கு வயதுப் பிள்ளையால் கடலூர் சாலையைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க இயலாது. பால்வாடி ஒரு துறையிலும் மழலையர் வகுப்பு வேறொரு துறையிலும் நின்று, ஒரே தெருவின் பிள்ளைகளுக்காகப் போட்டியிடும் நிலை நீங்கவேண்டும். 2024-25இல் எல்லா அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட இச்சந்தர்ப்பத்தில், அதன் சுமையை மழலையர் தோளில் இறக்கிவைக்காமல், மழலையர் வகுப்பின் இரண்டு ஆண்டுகளையாவது தாய்மொழிப் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் விட்டுவைக்கவேண்டும்.

இங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயைத் தானமாக அளித்த செய்தியைப் பல்லவர் காலத்துச் செப்பேடு கூறுகிறது. அத்தகைய மண்ணில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரு பாலசேவிகையை நிலையாக வைத்திருப்பது அரசுக்குப் பாரமாகாது. பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், நோட்டைப் புரட்டுவதற்கு முன்னால், "இன்னைக்கு என்ன பேசினே?" என்று கேளுங்கள்.