இரைச்சலிசையும் கேட்போர் உரிமையும்

ஜப்பானியக் கலைஞர் மசாமி அகிதா 1979இல் தொடங்கிய 'மெர்ஸ்பவ்' எனும் இரைச்சலிசை முயற்சிக்குக் கேட்போரிடம் இருவகை எதிர்வினைகள் உண்டு. ஒருசாரார் அதனை இசையன்று என ஒதுக்குவர். மறுசாரார் பண், தாளம் ஆகிய கட்டுகளினின்று செவி பெறும் விடுதலை என்பர். இருசாராரும் கருதாத கூறு ஒன்றுண்டு: கேட்டலை நிறுத்தும் உரிமை.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி வாகன உதிரிபாக ஆலைகளில் பிரஸ் எந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியும் நுண்செவியரே. ஓசையின் சிறு மாற்றத்தில் எந்திரக் கோளாற்றை உணர்பவர். எனினும் ஷிப்ட் முடியும்வரை அவரால் அவ்வோசையை நிறுத்த இயலாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்கு வகுத்த பகல் 75, இரவு 70 டெசிபல் வரம்பும் சுற்றுச்சூழலுக்கு உரியதே. எந்திரத்தருகே நிற்கும் செவிக்கு உரியதன்று.

ஆகவே இரைச்சல் விடுதலையாவது அதன் ஒலியியல்பால் மட்டுமன்று. நிறுத்தும் பொத்தான் கேட்பவர் கையில் இருப்பதாலுமாம். இதனைக் கருதாத இரைச்சலிசைத் திறனாய்வு முழுமையுறாது.