பொதுப்புத்தியும் வேலைக் கணக்கும்

வரியைக் குறைத்தால், முதலாளிமீதுள்ள விதிகளைத் தளர்த்தினால், அரசு தன் செலவைச் சுருக்கினால் வேலைகள் தாமாகவே பெருகும் என்ற வாதம் புகலிடத் தமிழரிடையே இன்று பரவலாக வேரூன்றியிருக்கிறது. கடை வைத்திருப்பவர் மட்டுமல்ல, அந்தக் கடையில் மணித்தியாலக் கூலிக்கு நிற்பவரும் இதைத்தான் சொல்கிறார். நமது இடதுசாரி நண்பர்களோ 'நவதாராளவாதம்' என்ற ஒற்றைச் சொல்லால் இதைத் தட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். இரு சாராரும் நிதானமாக வாசித்திருக்கவேண்டிய ஒரு பிரதி உண்டு. மைக் ஹரிஸ் தலைமையிலான ஒன்ராறியோ கொன்சவேற்றிவ் கட்சி 1994 மே மாதம் வெளியிட்ட 'பொதுப்புத்திப் புரட்சி' என்ற தேர்தல் கைநூலே அது. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒரு மாகாணத்தின் தொழில் வாழ்வை மாற்றியமைத்த பிரதி என்பதனால் அது நமது விமர்சனத்துக்கும் உரியது.

அதன் வாக்குறுதிகள் தெளிவானவை. மாகாண வருமான வரி மூன்று ஆண்டுகளில் 30 வீதம் குறைக்கப்படும். முன்னுரிமையற்ற அரச செலவு 20 வீதம் வெட்டப்படும். தொழில் தொடங்குவோருக்குத் தடையான சிவப்புநாடா அறுக்கப்படும். இவற்றின் விளைவாக ஐந்து ஆண்டுகளில் 725,000 புதிய வேலைகள் உருவாகும். 1995 ஜூன் 8இல் ஹரிஸ் வென்றார். சொன்னதைச் செய்யவும் தொடங்கினார்.

'புரட்சி' என்ற சொல்லை எத்தனையோ குரல்களில் கேட்டுக் களைத்தவர்கள் நாம். இங்கே கவனிக்கவேண்டியது அதன் முன்னால் நிற்கும் மற்றச் சொல்லை. பொதுப்புத்தி என்பது ஆளும் வர்க்கத்தின் கருத்துகள் மக்களின் அன்றாட அனுபவத்தோடு கலந்து, முரண்பாடுகளுடன் படிந்துகிடக்கும் ஒன்று என்றார் கிராம்சி. அதற்குள்ளேயே நல்லறிவின் கூறும் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இந்தக் கைநூலின் பலம் அந்தக் கலவையில்தான் இருந்தது. வரி கட்டுபவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது நல்லறிவு. வரி குறைந்தால் வேலை கூடும் என்பது நிரூபிக்கப்படவேண்டிய ஓர் எடுகோள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டாவதை மறுப்பவன் முதலாவதையும் மறுக்கிறான் என்ற தோற்றத்தை அது உண்டாக்கியது.

வேலைகள் கூடவில்லையா? கூடின. இதை ஒளிப்பதில் பயனில்லை. 1995க்கும் 2000க்கும் இடையில் ஒன்ராறியோவில் பல லட்சம் வேலைகள் உருவாகின. ஆனால் அதே காலத்தில் முழுக் கனடாவினதும் வேலையின்மை 9.5 வீதத்திலிருந்து 6.8 வீதமாக விழுந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் எழுச்சியில் இருந்தது. கனடிய டொலரின் மதிப்பு வீழ்ந்திருந்தது. ஒன்ராறியோவின் கார்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் எல்லைக்கு அப்பால் கேள்வி பெருகியது. இவற்றில் எதையும் மாகாண வருமான வரி உண்டாக்கவில்லை. மேலும், வரவுசெலவு 1999-2000 நிதியாண்டில்தான் சமநிலைக்கு வந்தது. அதுவரை அரசு ஒரு கையால் வரியைக் குறைத்து மறு கையால் கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

அயல்நாட்டின் எழுச்சி கைகொடுக்காத இடத்தில் இதே மருந்து என்ன செய்தது என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் ஒரு பாடம். 2012இல் ஆளுநர் சாம் பிரவுண்பாக் வருமான வரியை ஆழமாக வெட்டினார். பலவகை வியாபார வருமானங்களுக்கு வரியையே நீக்கினார். எதிர்பார்த்த வேலைப் பெருக்கம் வரவில்லை, வருமானம் சரிந்தது. 2017இல் அவரது சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றமே, அவரது தடையாணையை மீறி அந்த வரிக்குறைப்பைத் திருப்பியது.

ஒன்ராறியோவுக்குத் திரும்புவோம். செலவுச் சுருக்கம் யாரிடமிருந்து தொடங்கியது? 1995 ஒக்ரோபரில் வெல்பெயர் 21.6 வீதம் வெட்டப்பட்டது. தனி ஆளுக்கு மாதம் 663 டொலராக இருந்தது 520 ஆனது. கையில் வருவதையெல்லாம் உள்ளூர்க் கடையில் செலவழிப்பவனிடம் 143 டொலரைப் பறித்து, சேமிக்கக்கூடியவனுக்கு வரிச்சலுகை கொடுத்தால் உள்ளூர்க் கேள்வி கூடுமா, குறையுமா? பொருளியலின் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும் நுகர்வு நாட்டம் பற்றிய கேள்வி இது. ஆகக்குறைந்த சம்பளமோ 1995 முதல் 2004 வரை 6.85 டொலரிலேயே நின்றது.

விதித் தளர்வின் விலையை வோக்கர்ட்டன் என்ற சிற்றூர் கொடுத்தது. 1996இல் குடிநீர்ப் பரிசோதனையிலிருந்து அரச ஆய்வுகூடங்கள் விலகின. தனியார் ஆய்வுகூடம் ஆபத்தான முடிவைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாய விதி இயற்றப்படவில்லை. 2000 மே மாதத்தில் கிருமி கலந்த நீரைக் குடித்து 7 பேர் இறந்தனர், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். நீர் விநியோகத்தை நடத்தியவர்களின் பொய்ப் பதிவுகளும் காரணம்தான். ஆனால் சுற்றாடல் அமைச்சின் நிதி வெட்டுகளும் அந்த விதியின்மையும் பங்களித்தன என நீதிபதி டெனிஸ் ஓகொனரின் விசாரணை 2002இல் பதிவுசெய்தது. விதியை நீக்கும்போது செலவு மறைவதில்லை. அது வேறொருவரின் தலையில் போய் விழுகிறது.

தொழிற்சாலையிலும் இதே கணக்குத்தான். ஒரே பட்டியில், ஒரே பெட்டியை, ஒரே வேகத்தில் அடுக்கும் இருவரில் ஒருவர் நிறுவனத்தின் ஆள், மற்றவர் ஏஜென்சியின் ஆள். சட்டப்படி இரண்டாமவரின் முதலாளி தொழிற்சாலை அல்ல, ஏஜென்சி. நானும் அந்த இரண்டாம் வகையில் நின்றவன். மேற்பார்வையாளர் சொன்ன அதே வேலைக்குப் பக்கத்திலிருப்பவரைவிடக் குறைந்த கூலி, நாளைக்கு வேலை உண்டா என்பது இரவு வரும் தொலைபேசி அழைப்பில்தான் தெரியும். 2018 ஏப்ரல் 1இல் இவ்விருவருக்கும் சம ஊதியம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. டக் போர்ட் அரசு பதவியேற்று, ஒன்ராறியோவை வணிகத்துக்குத் திறக்கிறோம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, 2019 ஜனவரி 1உடன் அதை நீக்கியது. ஒன்பது மாதம். வேலைக் கணக்கில் அவ்விருவரும் இரண்டு வேலைகளாகவே எண்ணப்படுகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பொதுப்புத்திக்கு அவர்களிடையே வித்தியாசம் கிடையாது.

எல்லா விதிகளும் நல்லவை என்பதல்ல இதன் பொருள். ஊரில் வைத்தியராக, பொறியியலாளராக இருந்தவர்களைப் பொதி சுமக்க வைத்ததும் விதிகள்தாம். ஆனால் அந்தக் கதவு சிவப்புநாடாவை அறுத்ததால் திறக்கவில்லை. தொழில்சார் ஒழுங்குமுறைக் கழகங்கள் அனுமதி வழங்கும் முறை வெளிப்படையாகவும் நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று 2006இல் ஒரு புதிய சட்டம் இயற்றவேண்டியிருந்தது. ஏஜென்சிகள் உரிமம் பெற்றே இயங்கவேண்டும் என்ற விதியை 2024 ஜூலை 1இல் நடைமுறைப்படுத்தியதும் அதே போர்ட் அரசுதான். அந்த உரிமம் சம ஊதியத்தைத் தருவதில்லை என்றாலும், விதியே இல்லாத சந்தையை அவர்களாலும் நடத்த முடியவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆகவே 'விதி கூடவா, குறையவா' என்று பொதுவாக விவாதிப்பது வீண். எந்த விதி, யாரைக் காக்கிறது, அதை நீக்கினால் செலவு யாரிடம் போகிறது என்றே கேட்கவேண்டும். அடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளர் நமது மண்டபங்களுக்கு வந்து இத்தனை லட்சம் வேலை என்று சொல்லும்போது, அவற்றில் எத்தனை ஏஜென்சி வேலை, என்ன கூலிக்கு, எத்தனை மாதத்துக்கு என்று எழுந்து கேட்க அங்கே யாராவது இருக்கவேண்டும். அந்தக் கேள்வியைத் தயார்செய்வது இப்பக்கங்களை வாசிப்போரின் வேலை. மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாகச் சிறுதொழில் நடத்தும் நண்பர்கள், எழுதவேண்டும்.