தகடு தட்டும் கலை: பள்ளிகளும் அளவுகோலும்

பழைய காரின் பாடியைக் கையால் மீட்டெடுக்கும் கலை இரண்டே செயல்களில் அடங்கிவிடுகிறது: தகட்டை விரிப்பது, சுருக்குவது. மணல் மூட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் தகடு மெலிந்து குழியும். ஓரத்தைக் கொசுவிப் பிடித்து, அந்த மடிப்புகளைத் தட்டி அமுக்கினால் தடித்துக் குறுகும். மட்கார்டு முதல் கூரை வரை எல்லா வளைவும் இவ்விரண்டின் கலப்புதான். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் ஒடுக்கெடுப்பவரின் கையிலும் இந்த அறிவே இருக்கிறது.

இத்தொழில் குதிரை வண்டிப் பட்டறைகளில் பிறந்தது. லண்டனின் ஹூப்பரும் 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சனும் கோச்சு வண்டி கட்டியே பெயர் பெற்றவை. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தும் வழக்கம் அங்கிருந்தே வந்தது. ஆங்கிலேயப் பள்ளி அதை விடாமல் காத்தது. மோர்கன் கார்களில் ஆஷ் மரச்சட்டம் இன்றும் உண்டு. இப்பள்ளியின் அடையாளக் கருவி ‘இங்கிலீஷ் வீல்’. மேலே தட்டையான சக்கரம், கீழே சற்றுக் குவிந்த சக்கரம். இடையில் தகட்டை முன்னும் பின்னும் ஓட்ட ஓட்டச் சுத்தியல் தடம் அழிந்து வளைவு சீராகும்.

இத்தாலியப் பள்ளி எடையைக் குறைப்பதில் முனைந்தது. மிலானின் டூரிங் நிறுவனம் 1936இல் காப்புரிமை பெற்ற ‘சூப்பர்லெஜ்ஜேரா’ முறையில் மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அமர்ந்தது. மோதெனாவில் ஸ்காலியெட்டி பட்டறை கண்ணளவை நம்பியே ஃபெராரிகளுக்கு உருவம் கொடுத்தது. 1958இல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 டூரிங்கின் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டபோது இரு பள்ளிகளும் கைகோத்தன. பிரான்சில் ஃபிகோனி எ ஃபலாஷி, டால்போ-லாகோவுக்குச் செய்த நீர்த்துளி வடிவப் பாடிகள் ஆழமான வளைவுகளுக்கு இலக்கணமாயின.

பள்ளி எதுவானாலும் உலோகத்தின் குணம் ஒன்றே. அலுமினியம் அடிபட அடிபட இறுகும். மேலும் அடித்தால் வெடிக்கும். அதற்கு முன்பே தகட்டை மீண்டும் இளக்க, அசிட்டிலீன் தீயின் கரியை அதில் படியவிட்டு, பிறகு ஆக்சிஜன் சேர்த்துச் சூடேற்றுவார்கள். கரி மறைந்ததும் தீயை விலக்க வேண்டும். எஃகைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. சற்றுத் தாமதித்தாலும் திடீரென ஓட்டை விழும்.

இனி அளவுகோல். பட்டியும் பெயின்டும் ஏறுமுன் வெறும் தகட்டை அரத்தால் இலேசாக இழுத்தால் மேடு மின்னும், பள்ளம் மங்கும். அந்த நிலையில் தேறும் வேலையே வேலை. இரண்டாவது அளவுகோல் இன்னும் கடினமானது. கையால் செய்த பழைய காரில் இடமும் வலமும் இம்மி பிசகாமல் ஒத்திருப்பதில்லை. கணினியில் அளந்து அதைச் ‘சரிசெய்வது’ அந்தக் கைவினைஞரின் கையெழுத்தை அழிப்பதாகும்.

உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், முடிந்தவரை மூலப் பாகங்களைக் காக்கவும், மாற்றியவற்றை அடையாளமிட்டு வைக்கவும் சொல்கிறது. பாடி முழுவதையும் புதிதாகச் செய்வதில் இழிவில்லை. புதியதென்று சொல்லாமல் விற்பதே இழிவு. துருவை வெட்டி, கையகலத் துண்டை ஒட்டி, நல்ல தகட்டை வாழவிடும் பொறுமைக்கு நம் பழங்கார்க் கண்காட்சி நடுவர்கள் பளபளப்பைவிட அதிக மதிப்பெண் தர வேண்டும். அப்போதுதான் இளைஞர்கள் இந்தத் தொழிலை முறையாகக் கற்க வருவார்கள்.