ஆய்வு முகவரின் தடம்

தனித்து நின்று ஆலோசனைத் தொழில் நடத்துபவருக்கு உதவியாளர் பரிவாரம் வாய்ப்பதில்லையாதலால், 2024 டிசம்பரில் கூகுளும் 2025 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐயும் 'டீப் ரிசர்ச்' என்ற ஒரே நாமத்தில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆய்வு முகவர்கள் அவருக்குக் கிட்டிய பாக்கியமே. சிறுதானிய ஏற்றுமதி பற்றி ஒரு வினாவைக் கொடுத்தால், அதை உபவினாக்களாகப் பகுத்து, பக்கங்களைத் தேடிப் படித்து, படித்ததில் எழுந்த சந்தேகத்தைக் கொண்டே அடுத்த தேடலை அமைத்து, சில சமயம் வந்த வழியே திரும்பி வேறு மார்க்கம் பிடித்து, பெரும்பாலும் அரைமணிக்குள் ஆதாரங்களோடு அறிக்கை சமர்ப்பிக்கும் அந்த விந்தையில், அறிக்கையைவிட முகவர் நடந்த தடமே எனக்கு அதிக ரஸமாகத் தோன்றுகிறது.

ஆயினும், சுங்க அட்டவணையின் 1008-ஆம் தலைப்பின் தொகை முழுவதையும் சிறுதானியமென்று அம்முகவர் எழுதிவிட்டால், அதில் பக்வீட்டும் கலந்திருப்பதையும், நம் சோளமோ 1007-இல் தனிக்குடித்தனம் நடத்துவதையும் கண்டு புன்னகைக்க வேண்டியவர் ஆலோசகரே. ஒரே செய்திக்குறிப்பைப் பத்து ஏடுகள் பிரசுரித்தால் பத்து சாட்சிகள் என்று நம்பும் வெகுளித்தனமும் அதற்குண்டு. (வாடிக்கையாளர்களிலும் அத்தகையோர் இல்லாமலில்லை.) ஆகவே, மூலப் பக்கங்களை நானே திறந்து ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்ட பின்னரே அறிக்கையில் கையெழுத்திடுகிறேன்.