கவருக்குள் வேர்க்கும் வண்டி

ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெரு வெள்ளி நிறத்துக்கு மாறிவிடும். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற தெரு. எல்லாம் பழைய அடுக்ககங்கள். உள்ளே கார்களுக்குத்தான் இடம். இரு சக்கர வண்டிகள் மதில் ஓரமாக வெளியேதான் நிற்க வேண்டும். முதல் மழைக்கு மறுநாளே வண்டிக்கு வண்டி கவர் ஏறிவிடும். ராத்திரியில் பார்த்தால் யாரோ வரிசையாகப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருப்பது போலத் தெரியும்.

நானும் போர்த்தியவன்தான். சில வருடங்களுக்கு முன்பு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், காலைத் தூறலில் நனைந்திருந்த வண்டியைத் துடைக்கக்கூடச் செய்யாமல் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, புதுக் கவரை மாட்டி, அடியில் இருந்த நாடாவை இறுக்கி முடிந்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்து கவரை உருவியபோது முதலில் வந்தது வாடை. மடித்து மறந்துபோன ஈரத் துண்டின் வாடை. சீட்டின் தையல் ஓரமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மில் சேருகிற இடங்களில் பழுப்புப் பொட்டுகள். செயின் விறைத்துப்போய் வளைந்த இடத்திலேயே நின்றது. எதிர்வீட்டுக்காரர் வண்டியும் என் வண்டியின் வயதுதான். பன்னிரண்டு நாளும் கொட்டுகிற மழையில் மொட்டையாக நின்ற அந்த வண்டி ஒரே உதையில் கிளம்பிப் போனது.

மெக்கானிக் செயினைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நனையறது ஒண்ணும் பண்ணாது சார். நீங்க உள்ள போட்டு வேர்க்க வெச்சிட்டீங்க."

தீபாவளிப் பலகாரம் செய்கிற வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். சூடு ஆறாத முறுக்கை டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும், சொட்டும், முறுக்கு நமத்துப் போகும். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததில்லை. கவருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. மழை விட்டு வெயில் அடிக்கும்போது தரையில் ஊறிய ஈரமும் சீட்டுப் பஞ்சில் தேங்கிய ஈரமும் ஆவியாகின்றன. வெளியேற வழியில்லாத ஆவி, ராத்திரி கவர் குளிர்ந்ததும் அதன் உள்பக்கத்திலும் வண்டியின் இரும்பிலும் நீராகப் படிகிறது. மழையே இல்லாத நாளிலும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை. திறந்து நிற்கிற வண்டியோ மழை விட்டு ஒரு மணி நேரம் காற்று வீசினால் காய்ந்துவிடும்.

கடலோரத்தில் இதோடு உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கார்த்திகை மாதத்துச் சென்னையில் அந்த அளவைத் தாண்டாத ராத்திரி அபூர்வம். ஆகவே ஒரு சொட்டு மழை படாவிட்டாலும் வண்டியின் மேல் படிந்த கடலுப்பு தானாகவே ஈரமாகி, இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக உட்கார்ந்திருக்கும். மழைதான் அதைக் கழுவிவிடுகிறது. அரிமானம் பற்றிப் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்: கடலோரங்களில் மழை படாத மறைவில் இருக்கும் இரும்பு, மழையில் நனையும் இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிப்பதுண்டு. கவர் போட்டு நிறுத்திய என் வண்டி அதைப் படிக்காமலே நிரூபித்துவிட்டது.

வண்டியைச் செய்கிறவர்கள் மழையை நினைத்துத்தான் செய்கிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்சக்கரம் வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால், நின்ற வண்டியின் மேல் விழுகிற மழை பூத்தூறல். காலையில் டிஸ்க் பிரேக் தட்டில் செம்மஞ்சளாக ஒரு படலம் தெரிந்தால் பதறி கவர் வாங்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெருமுனை வரை போய் நாலு தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும்.

அதற்காக, நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு மழையால் ஒரு கேடும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓடும்போது வராத சில தொந்தரவுகள் நிற்கும்போது வரும். அவை எல்லாமே மேல்பக்கத்தில் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சாவித் துவாரம், ஹேண்டில்பார் சுவிட்சுகள், கிளட்ச் கேபிளின் மேல்முனை, சீட்டின் தையல். எல்லாவற்றையும்விட முக்கியமானது டேங்க் மூடி.

பெரும்பாலான வண்டிகளில் மூடியைச் சுற்றி ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் விழுகிற மழைநீர் வடிய ஒரு சிறு ஓட்டை. அதிலிருந்து வண்டிக்குக் கீழே வரை ஒரு மெல்லிய டியூப். தூசியோ குளவிக்கூட்டு மண்ணோ ஓட்டையை அடைத்துவிட்டால் தண்ணீர் குழியிலேயே நிற்கும். மூடியின் ரப்பர் வாஷர் பழசாகியிருந்தால் அந்தத் தண்ணீர் அடுத்துப் போகிற இடம் டேங்க்தான். இப்போது விற்கிற பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரோடு சேரும் குணம் உண்டு. தண்ணீர் அளவு மீறும்போது இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடிக்கு இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். நாலு நாள் அடைமழைக்குப் பிறகு மெக்கானிக் கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்பதில் இந்த ஒற்றை ஓட்டைக்கும் பங்கு உண்டு.

மேல்பக்கம் மூடினால் போதும், கீழ்ப்பக்கம் காற்றாட வேண்டும் என்றால், தரை வரை இறங்கி இறுக்கிக் கட்டுகிற வெள்ளிக் கவர் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கிறது. இதைப் புத்தகம் படிக்காமலே புரிந்துகொண்டவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். அவரிடம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர். மழை இருட்டினால் சீட்டுக்கு ஜவுளிக்கடைப் பை ஒன்றைத் தலையணை உறை மாதிரி இழுத்து மாட்டுவார். இன்னொரு பையை வாய்ப்பக்கம் கீழே இருக்குமாறு ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ப்பார். டேங்க் மூடியின் மேல், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டை விரித்துவிட்டு அதன் மேல் டேங்க்கைச் சுற்றி ஒரு ரப்பர் டியூப் பட்டையை இழுத்து மாட்டுவார். எஞ்சின், செயின், சக்கரம் எல்லாம் திறந்தபடி. செலவு ஒன்றுமில்லை. காலையில் பைகளை உருவி உதறிக் கொடியில் போட்டால் சீட்டு காய்ந்தபடி இருக்கும். 600 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கவரைவிட அந்தப் பால் பாக்கெட்டுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முழுக் கவருக்கும் ஒரு பருவம் இருக்கிறது. அது மழைக்காலம் இல்லை, வெயில் காலம். சித்திரை, வைகாசியில் வெளியே நிற்கிற சிவப்பு வண்டி மூன்றே கோடையில் வெளிறிப்போகிறது, பிளாஸ்டிக் மொறமொறக்கிறது, சீட்டு ரெக்சின் வெடித்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் குடிக்கத் தயாராகிறது. மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குக் காக்கை எச்சம் வேறு. அது காய்ந்தால் பெயிண்டையே அரித்துத் தழும்பாக்கிவிடும். இவை எல்லாவற்றையும் கவர் உண்மையாகவே தடுக்கிறது. ராத்திரி பெட்ரோல் உருவுகிறவனுக்கும் மூடிய வண்டி கொஞ்சம் சோம்பலைத் தரும். வேடிக்கை என்னவென்றால், நம்மவர்கள் கவரை ஐப்பசியில் வாங்கி, மழை ஓய்ந்த தை மாதத்தில் மடித்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பயன்படுகிற காலத்தில் அது பரணில் தூங்குகிறது.

மலிவான கவர்களின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு கோடை தாண்டினால் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து சீட்டில் ஒட்டும். உள்பக்கம் சேர்ந்த மணல், காற்றில் கவர் படபடக்கும்போது டேங்க் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலையைச் செய்யும். வந்த சூட்டோடு மூடினால் சைலன்சரில் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருப்புத் தழும்பு லேசில் போகாது. கவருக்குள் இருட்டும் கதகதப்பும் கிடைப்பதால் எலிகள் குடிவந்து வயரைக் கடிக்கும். காற்று பலமாக அடித்தால் கவர் பாய்மரமாகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் முதலில் சாய்ந்தவை சைடு ஸ்டாண்டில் கவர் போட்டு நின்ற வண்டிகள்தான்.

சிலர் ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்துகிறார்கள். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ முடிந்ததும் கழற்றியது. மணமக்கள் தலைகீழாகச் சிரித்தபடி ஒரு ஸ்கூட்டரைக் காத்துக்கொண்டிருப்பார்கள். வண்டியின் மேல் ஒட்டிப் போர்த்தினால் இதைவிட மோசமான கவர் கிடையாது, காற்றே புகாது. அதே ஃப்ளெக்ஸின் ஒரு முனையை மதிலிலும் மறுமுனையை எதிரே இரண்டு கம்பிகளிலும் கட்டிச் சரிவாகக் கூரை போட்டால் அதைவிட நல்ல ஏற்பாடும் கிடையாது. தலைக்கு மேல் இரண்டடி இடைவெளி, பக்கங்களில் காற்று. வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

கவரால் தொடவே முடியாத சேதங்களும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். ஓட்டாமல், "பேட்டரி இறங்கக்கூடாது" என்று கவரைப் பாதி தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறவர்களின் சைலன்சரில் அந்தத் தண்ணீர் அப்படியே தங்கி உள்ளிருந்தே தின்னும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் கீழிருந்துதான் ஏறியது. 2024 அக்டோபரில் பலத்த மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அந்தப் புத்திதான் அங்கே உதவும்.

தினமும் ஓட்டுகிற வண்டிக்கு மழைக்காலத்தில் முழுக் கவர் வேண்டாம் என்பதே என் முடிவு. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் டேங்க் மூடிக்கும் பை போதும். செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய். பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போகிறவர் மட்டும் போர்த்தலாம். அதற்கு முன்னால் வெயில் நாளாகப் பார்த்து அரைமணி நேரம் ஓட்டிக் காயவைத்து, சூடு ஆறவிட்டு, கவரின் அடிநாடாவை லேசாக மட்டும் கட்டி, மழை விட்ட நாளில் எடுத்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போக வேண்டும். இவ்வளவும் முடியாது என்றால் வண்டியைச் சும்மா விடுங்கள், நனையட்டும்.

இந்த மழைக்குக் கவர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். டேங்க் மூடியைத் திறந்து, ஓரத்து ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். மூடியை மூடிவிட்டு அதைச் சுற்றி இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். எஞ்சினுக்கு அடியில் தரையில் சொட்ட வேண்டும்.