‘வட்டாரம்’ என்னும் அடை: இடைசெவலை முன்வைத்து

‘வட்டார இலக்கியம்’ என்னும் தொடர் ஆய்வேடுகளின் தலைப்புகளில் வரையறையின்றியே ஆளப்படுகிறது. நிலமே அதன் அடிப்படை எனக் கொள்கிறோம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் இக்கொள்கையைச் சோதிக்கத் தக்க இடம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவ்வூரினர், இளமை நண்பர்கள். இருவர் புனைவிலும் கரிசல் வாழ்க்கை உண்டு. ஆயினும் ‘வட்டார எழுத்தாளர்’ என்னும் அடை கி.ரா.வுக்கே நிலைத்தது. அழகிரிசாமியின் கதைசொல்லி பெரிதும் பொதுநடையில் எடுத்துரைக்கிறார், கி.ரா.வின் கதைசொல்லியோ ஊர்ப்பேச்சிலேயே கதையைக் கொண்டுசெல்கிறார். ஆகவே நாம் உண்மையில் அளப்பது, எடுத்துரைப்பு மொழி பொதுநடையிலிருந்து விலகும் தொலைவையே. தி. ஜானகிராமனின் உரையாடல்கள் தஞ்சைப் பேச்சில் தோய்ந்தவை. அவரை இவ்வடையால் சுட்டுவோர் அரியர்.

‘சம்சாரி’ என்பது கரிசலில் உழவரைக் குறிக்கும், பொதுவழக்கில் குடும்பத்தவரை. முதற்பொருளுக்கே அடிக்குறிப்பு எழுதுகிறோம் (இக்கட்டுரையாளரும் எழுதியதுண்டு). பொதுநடை எந்த வட்டாரத்தது என்னும் வினா எழுவதில்லை. அரசு நிருவாகத்திலோ ஒவ்வோர் ஊராட்சியும் ஏதேனும் ஒரு வட்டாரத்தைச் சேர்ந்ததே.

இதனால் இச்சொல்லைத் தள்ளிவிடவும் இயலாது. கி.ரா.வே 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தவர். அங்கு அச்சொல் வழக்குகளின் எல்லையைச் சுட்டுகிறது. திறனாய்விலோ எழுத்தாளரின் தகுதிக்கு எல்லை கட்டுகிறது. இதனை ஆளும் ஆய்வாளர், தாம் சுட்டுவது நிலத்தையா, கதைசொல்லியின் மொழியையா என்பதை முதல் இயலிலேயே வரையறுத்தல் வேண்டும்.